மோரிசன் தனியாளாகச் செய்தாரா?

கேள்வி: சீனாவுக்குச் சென்ற முதல் புரொட்டஸ்டண்ட் மிஷனரியான ராபர்ட் மோரிசன், வேதாகமம் முழுவதையும் தனியொருவராகச் சீனத்தில் மொழிபெயர்த்தார் என்று அவர் கல்லறையிலேயே பொறித்திருக்கிறார்கள். அதில் பிறருக்கும் பங்குண்டு என்று சென்ற இதழில் எழுதியது அவரைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: சீனாவின் தென்கரையில் அன்று போர்த்துக்கீசியர் வசமிருந்த மக்காவு நகரில், கமோயிஸ் தோட்டத்தை ஒட்டியிருக்கும் பழைய புரொட்டஸ்டண்ட் கல்லறையின் அந்த ஆங்கிலக் கல்வெட்டைத் தாங்கள் இன்னொரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். சீன வேதாகமத்துக்காக அவர் பல ஆண்டுகள் தனியாக உழைத்தார் என்றும், அது நிறைவுற்று மக்களிடையே பரவியதைக் காணும்வரை உயிரோடிருந்தார் என்றும்தான் அதில் உள்ளது. முழுவதையும் தனியாக முடித்தார் என்று எங்கும் இல்லை. கல்லில் வாசகம் எழுதியவர்களுக்கு இருந்த கவனம் பின்னால் அவர் வரலாற்றை எழுதிய பலருக்கு இல்லாமல் போயிற்று.

1807 செப்டம்பரில் தென்சீனத் துறைமுகமான கான்டன் வந்து இறங்கியபோது அவர் வெறுங்கையோடு வரவில்லை. ழான் பாசே என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குரு செய்து, எபிரெயர் நிருபத்தின் தொடக்கத்தோடு நின்றுபோன சீன மொழிபெயர்ப்பு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் கையெழுத்துப் படியாக இருந்தது. அதை லண்டனில் தமக்குச் சீனம் கற்பித்த யோங் சாம் தக் என்ற இளைஞரின் உதவியோடு படியெடுத்துக்கொண்டுதான் மோரிசன் கப்பல் ஏறினார். புதிய ஏற்பாடு அச்சானபோது, அதன் நடுப்பகுதி பெயர் தெரியாத ஒருவருடைய உழைப்பின்மீது எழுந்தது என்றும், அதில் தாம் திருத்தியும் சேர்த்தும் இருப்பதாகவும், சுவிசேஷங்களும் இறுதி நிருபங்களும் வெளிப்படுத்தலும் மட்டுமே முழுக்கத் தம்முடையவை என்றும் அவரே எழுதியிருக்கிறார். அவர் மறைக்காததை அவருடைய அன்பர்கள் ஏன் மறைக்க வேண்டும்?

1813இல் உடன் மிஷனரியாக வந்து சேர்ந்த வில்லியம் மில்ன், உபாகமம், யோசுவா, சாமுவேல், இராஜாக்கள், யோபு உள்ளிட்ட பழைய ஏற்பாட்டு நூல்கள் பலவற்றை மொழிபெயர்த்தார். 1822இல் மலாக்காவில் இறந்த அவர், 1823இல் 21 தொகுதிகளாக அங்கு வெளிவந்த நிறைவுப் பதிப்பைக் காணவில்லை. சீனர்களின் பங்கோ இதைவிட ஆபத்தானது. வெளிநாட்டாருக்குச் சீனம் கற்பிப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்த காலத்தில் மோரிசனுக்குக் கற்பித்தவர்களும், மரப்பலகைகளில் எழுத்துகளைச் செதுக்கியவர்களும் உயிரைப் பணயம் வைத்தே வேலை செய்தார்கள். அச்சுப்பலகை செதுக்கிய லியாங் ஃபா, 1819இல் சொந்த ஊரில் தாம் அச்சிட்ட சிறுநூலுக்காகப் பிடிபட்டு அடிபட்டார், பின்னாளில் போதகருமானார். கல்வெட்டில் இவர்களுக்கு இடமில்லை என்பதற்காக நமது இதழிலும் இடமில்லாமல் போக வேண்டுமா?

முழு வேதாகமத்தை முதலில் சீனத்தில் அச்சேற்றியவரும் மோரிசன் அல்லர். வங்காளத்தின் செராம்பூரில் ஜோஷுவா மார்ஷ்மனும், மக்காவு நகரில் பிறந்த ஆர்மீனியரான ஜோஹன்னஸ் லாசரும் 1822இலேயே அதைச் செய்துவிட்டார்கள். இந்தப் போட்டியில் இரு தரப்புக்கும் இடையே கசப்பும் இருந்தது. அதை விரித்துரைக்க இங்கே இடமில்லை.

மோரிசன் அடக்கமான அந்தக் கல்லறைத் தோட்டம் உருவான கதையைக் கேட்டால் அவர் பட்ட துன்பம் விளங்கும். 1821இல் மனைவி மேரி காலராவில் இறந்தபோது, முன்பு இறந்த குழந்தையைப் புதைத்த குன்றிலேயே அவரையும் அடக்கம் செய்ய விரும்பினார்; சீனர்கள் சம்மதிக்கவில்லை. கத்தோலிக்கர் கல்லறையிலும் இடமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் வாங்கித் தந்த பிறகுதான் அடக்கம் நடந்தது. 1834இல் கான்டனில் இறந்த மோரிசனும் அங்கேதான் கொண்டுவரப்பட்டார்.

அதே கல்லறையிலுள்ள சீனக் கல்வெட்டு அவரை என்றும் அழியாத மனிதர் என்று போற்றுகிறது. சீனம் கற்கும் ஆங்கிலேயர்க்கு வழிகாட்டிய அவருடைய அகராதியைச் சிறப்பித்தும் சொல்கிறது. 1815 முதல் 1823 வரை 6 தொகுதிகளாக வெளிவந்து, கம்பெனிக்குப் பன்னிரண்டாயிரம் பவுண்டு செலவு வைத்த நூல் அது. தனியொருவருடைய சாதனை என்று எதையாவது காட்டியே ஆக வேண்டும் என்றால் அதைக் காட்டுங்கள். அதற்கும் காங்ஷி பேரரசர் காலத்து அகராதிதான் அடித்தளம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.