டூ டோன் பெயின்ட்: எந்த கலர் முதல்ல, டேப் எப்போ உரிக்கணும்?

கேள்வி: 1960கள்ல வந்த கார் ஒண்ணு இருக்கு. ரூஃப் ஐவரி, கீழ பாடி மெரூன்னு வீட்டு கராஜ்லயே ஸ்ப்ரே பண்ணப் போறேன். எந்த கலரை முதல்ல அடிக்கணும்? ஒரு பழைய டோர்ல அடிச்சுப் பார்த்தேன், டேப்பை உரிச்சா கோடு பல்லு பல்லா இருக்கு, ஒரு இடத்துல அடி கலரும் பேந்து வந்துடுச்சு.

பதில்: ஐவரிதான் முதல்ல, அதுல யோசிக்கவே வேணாம். ஐவரி மேல மெரூன் ரெண்டு மூணு பெயின்ட் கோட்ல மூடிடும், ஆனா மெரூன் மேல ஐவரி அடிச்சா எத்தனை கோட் போட்டாலும் அடியில சிவப்பு தெரிஞ்சுகிட்டே இருக்கும், நீங்க விடாம அடிக்க அடிக்க டேப் ஓரத்துல பெயின்ட் படி மாதிரி உசந்து நிக்கும். அதோட ரூஃபை பேப்பர் போட்டு மூடுறது சுலபம், மொத்த பாடியையும் மூடிட்டு ரூஃப் அடிக்கிறதுதான் கஷ்டம். இன்னொண்ணு, காரோட பழைய கலரே சிவப்போ மெரூனோன்னா கொஞ்சம் உஷாரா இருங்க, அந்தக் காலத்து சிவப்பு சிலது புது பெயின்ட்ல இருக்கற தின்னர்ல கரைஞ்சு மேல ஏறி ஐவரியை ரோஸ் ஆக்கிடும். ஓரமா ஒரு சின்ன இடத்துல அடிச்சு, நல்லா காயவிட்டு பார்த்துட்டு அப்புறம் ஆரம்பிங்க.

ஐவரியை ரெண்டு கலரும் சேர்ற கோட்டோட நிறுத்தாதீங்க, ஒரு 4, 5 செ.மீ. கீழ இறங்கட்டும். காஞ்சதும் அந்த கீழ் ஓரத்தை மட்டும் 800 நம்பர் எமரி பேப்பர்ல லேசா இழைச்சு விட்டுட்டா மெரூனுக்குள்ள மேடு தெரியாது.

இப்போ அந்த பல்லு பல்லான கோடு. நீங்க போட்டது சாதா மாஸ்கிங் டேப்பாதான் இருக்கும், அது சுருக்கம் சுருக்கமா இருக்கற பேப்பர், அந்த சுருக்கத்துக்குள்ள பெயின்ட் பூந்துடும். கோட்டுக்குன்னு பிளாஸ்டிக் ஃபைன்லைன் டேப் தனியா வருது, 3 இல்ல 6 மி.மீ. அகலத்துல வாங்குங்க. இழுத்து இழுத்து ஒட்டாதீங்க, வளைவுல அது திரும்ப சுருங்கி தூக்கிக்கும். நகத்தால ஓரம் முழுக்க அழுத்தி விட்டு, அது மேல பாதி ஏறுற மாதிரி சாதா டேப், அப்புறம் மாஸ்கிங் பேப்பர் (நியூஸ் பேப்பர் வேணாம், தின்னர் பட்டா அந்த மை ஐவரி மேல இறங்கிடும்). அதுக்கப்புறம் மெரூனுக்கு முன்னாடி டேப் ஓரத்துல மட்டும் ஐவரியையே ஒரு மெல்லிசு கோட் விடுங்க. டேப்புக்கு அடியில ஏதாவது கசியணும்னா அந்த ஐவரிதான் கசியும், சந்து அடைஞ்சிடும், மெரூனுக்கு உள்ள போக வழி இருக்காது. கடைசியில கோடு முழுக்க நேரா நிக்கிறது இந்த ஒரு மெல்லிசு ஐவரி கோட்லதான், ஆனா நிறைய பேர் பொறுமையில்லாம இதை விட்டுடறாங்க.

மெரூனோட முதல் கோட் டேப் ஓரத்துல கிட்டத்தட்ட காஞ்ச மாதிரி லேசா போகட்டும், ஈரமா கொட்டாதீங்க. கடைசி கோட் அடிச்சுட்டு, மாஸ்கிங் பேப்பர் மேல விழுந்த பெயின்ட்டை விரலால தொட்டுப் பாருங்க, நூல் மாதிரி இழுக்காம லேசா பிசுக்குன்னா டேப்பை எடுக்கலாம். நேரா மேல தூக்காம, டேப் மேலயே மடிச்சு, மெரூன்லேந்து விலகுற பக்கமா மெதுவா இழுங்க. ராத்திரி முழுக்க விட்டுட்டு காலையில எடுத்தா ஓரம் உடைஞ்சு வரும்.

அடி கலர் பேந்ததுக்கு காரணம் டேப் மட்டும் இல்ல. பளபளன்னு இருந்த பழைய பெயின்ட்டை தேய்க்காம அடிச்சிருக்கலாம், அது மேல இருந்த வேக்ஸ், சிலிக்கான் முழுசா போகாம இருந்திருக்கலாம், இல்ல ஐவரி காயறதுக்குள்ள டேப் ஒட்டியிருக்கலாம்.

வீட்ல பண்றவங்களுக்கு என் சாய்ஸ் பேஸ் கோட் (கலர் மட்டும்) மேல கிளியர் (கலர் இல்லாத பளபளப்புப் பூச்சு). ரெண்டு கலரையும் முடிச்சுட்டு மொத்தத்துக்கும் கிளியர் ரெண்டு கோட் போட்டா கலர் மாறுற இடத்து மேடு கிளியருக்கு அடியில போயிடும், விரல் வச்சாலும் தெரியாது. ஆனா பேஸ் அடிச்சு எவ்வளவு நேரத்துக்குள்ள கிளியர் போடணும்னு டப்பாவோட டேட்டா ஷீட்ல இருக்கும், பல பெயின்ட்ல 24 மணி நேரம்தான், அதனால ஐவரிக்கு ஒரு வாரம் மெரூனுக்கு ஒரு வாரம்னு இழுக்க முடியாது. சிங்கிள் ஸ்டேஜ்தான் (கிளியர் இல்லாம, கலரே பளபளப்பா வர்ற பெயின்ட்) ஒரிஜினல் லுக்னு சிலர் சொல்வாங்க, தப்பில்ல, ஆனா கோடு விரல்ல தட்டும். 1955லேந்து 57 வரைக்கும் வந்த ஷெவர்லே பெல் ஏர் மாதிரி கோட்டு மேல குரோம் பீடிங் (பட்டை) வர்ற கார்னா அந்தக் கவலையே இல்ல, பீடிங் கிளிப் ஓட்டைங்க வழியா கோடு போற மாதிரி மார்க் பண்ணா போதும்.

கோட்டோட உயரத்தை தரையிலேந்து அளக்காதீங்க, கராஜ் தரை சமமா இருக்காது. பாடியில இருக்கற மடிப்பிலேந்து அளங்க. டோரை சாத்தி வச்சு டேப்பை ஒரே ஓட்டமா ஓட்டிட்டு, அப்புறம் டோர் சந்துல வெட்டி உள்பக்கமா மடிச்சு விடுங்க.

இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க: டூ கே பெயின்ட்ல (ரெண்டு டப்பா கலந்து அடிக்கிறது) சேர்க்கற ஹார்டனர்ல ஐசோசயனேட்னு ஒரு ரசாயனம் இருக்கு. வாசனை வந்து எச்சரிக்காது, சாதாரண ஃபில்டர் மாஸ்க்கை நம்பி நிக்க முடியாது, வெளியிலேந்து காத்து வர்ற ஏர் ஃபெட் மாஸ்க் வேணும். ஒரு தடவை உடம்பு அதுக்கு அலர்ஜி ஆயிட்டா அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா வரும். மாஸ்க் இல்லைன்னா தேய்க்கிறது, ப்ரைமர் இழைக்கிறது, டேப் ஒட்டுறது மட்டும் வீட்ல பண்ணிட்டு ஸ்ப்ரேயை பெயின்ட் பூத் (காத்தை வடிகட்டி வெளியேத்துற தனி ரூம்) இருக்கற ஆள்கிட்ட விடுங்க. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், காஞ்ச தூசா கிளப்பாம தண்ணி விட்டே தேய்ங்க.

கிளியர் முழுசா இறுகினப்புறம் 1500, 2000 நம்பர்ல தண்ணி விட்டு தேய்ச்சு பாலிஷ் காம்பவுண்ட் போடுங்க, கலர் மாறுற இடத்துல மட்டும் கை அழுத்தாதீங்க, அங்கதான் கிளியர் மெல்லிசா இருக்கும். வேக்ஸ் ஒரு மாசம் கழிச்சு.