லேசான ஷூ எத்தனை தூரம் தாங்கும்?

நெடுந்தூர நடை பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காலணியைப் பற்றியே பேசுகின்றன. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஆறு வாரத்தில் சுமார் 900 கிலோமீட்டர் நடக்கத் திட்டமிட்டிருக்கிறேன். முதுகில் 11 கிலோ இருக்கும். ஒரு காலுக்கு 280 கிராம் எடையுள்ள ட்ரெயில் ரன்னிங் ஷூ (மண், கல் பாதைகளில் ஓடுவதற்கானது) வாங்கி வைத்திருக்கிறேன். “இது பாதி வழியில் பிய்ந்துவிடும், தோல் பூட்ஸ் வாங்கு” என்கிறார் கூட வரும் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகர்

பதில்: தம்பி, பிய்ந்துவிடும் என்று உங்கள் நண்பர் சொல்வது உண்மைதான். அதற்காகப் பூட்ஸ் வாங்கச் சொல்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

லேசான ட்ரெயில் ஷூ ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். இது ஓடுபவர்களை வைத்துப் போட்ட கணக்கு. ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை தரையில் இறங்கும். நடக்கும்போது அது உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் கூடும். அந்த வகையில் நமக்கு லாபம். ஆனால் ஓடுபவர் முதுகில் 11 கிலோ இருக்காது. நாள் முழுக்க ஈரத்திலும் புழுதியிலும் அவர் நிற்கவும் மாட்டார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நடப்பவர்களுக்கும் அதே கணக்குதான் வருகிறது. கூரான கல் நிறைந்த பாதை என்றால் 500-ஐ ஒட்டி, மண்ணும் சருகுமான பாதை என்றால் 800-ஐ ஒட்டி. ஆக, உங்களுக்கு ஒரு ஜோடி போதாது, இரண்டு வேண்டும்.

இதை நஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஒரு நல்ல தோல் பூட்ஸ் ஒரு காலுக்கு 700 கிராம் வரை இருக்கும். உங்கள் ஷூவைவிட 420 கிராம் அதிகம். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் நடந்தால் ஒவ்வொரு காலையும் சுமார் 14,000 தடவை தூக்கி வைக்கிறீர்கள். 420 கிராமை 14,000 தடவை தூக்கினால் கிட்டத்தட்ட ஆறு டன். அது ஒரு காலுக்கு, ஒரு நாளைக்கு! காலில் கட்டிய ஒவ்வொரு கிலோவும், நம் உடம்பின் ஒரு கிலோவை நகர்த்துவதைவிடச் சுமார் நான்கு முதல் ஆறு மடங்கு சக்தியை உறிஞ்சுகிறது என்று 1969-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. சாயங்காலம் கடைசி ஐந்து கிலோமீட்டரில் கால் தடுக்குவதும் கணுக்கால் பிசகுவதும் பெரும்பாலும் களைப்பால்தான். லேசான ஷூ அங்கே கைகொடுக்கும்.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவின் அப்பலாச்சியன் ட்ரெயில் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளம். 1955-ல் எம்மா கேட்வுட் அம்மா தம் 67-வது வயதில் அதைத் தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. ஒரே ஜோடியில் அல்ல, கிழியக் கிழிய மாற்றிக்கொண்டேதான். இன்றும் அந்தப் பாதையை முழுதாக நடப்பவர்கள் நான்கைந்து ஜோடி மாற்றுவது சர்வசாதாரணம்.

அதனால் உங்கள் திட்டம் இப்படி இருக்கட்டும். இப்போது வாங்கிய ஜோடியை ஊரிலேயே 50 கிலோமீட்டர் போல நடந்து பழக்குங்கள். லேசான ஷூ பூட்ஸ் மாதிரி வாரக்கணக்கில் பழக வேண்டியதில்லை. எங்கே உரசுகிறது, எங்கே கொப்புளம் வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இது. இரண்டாவது ஜோடியை அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். தினமும் சுமையோடு நடந்தால் பாதம் வீங்கி அகலும், மூன்றாவது வாரத்தில் பழைய சைஸ் விரல் நுனியை இடிக்கும். அந்த ஜோடியைப் பயணத்தின் நடுவில் நீங்கள் தங்கப்போகும் ஓரிடத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஷூ கிழிந்த பிறகு கிடைத்ததை வாங்கிப் போடுவதுதான் நடையைக் கெடுக்கும்.

பூட்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதுகில் 20 கிலோவுக்கு மேல் ஏறினால், உறைபனியில் படி வெட்டி ஏற வேண்டியிருந்தால், கணுக்காலில் பழைய காயம் இருந்தால் பூட்ஸ்தான். உங்கள் 11 கிலோவுக்கு அது தேவையில்லை.

கேள்வி: என் ஷூவில் 600 கிலோமீட்டர் போல நடந்திருக்கிறேன். அடியில் பற்கள் நன்றாகவே இருக்கின்றன, மேலேயும் கிழிசல் இல்லை. ஆனால் கொஞ்ச நாளாகச் சாயங்காலமானால் உள்ளங்காலும் முழங்காலும் வலிக்கின்றன. ஷூவை மாற்ற வேண்டுமா, வேறு ஏதாவதா?
- ஒரு வாசகி

பதில்: முதலில் ஷூவைத்தான் சந்தேகப்படுவேன். நம்மில் பலர் ஷூவின் ஆயுளை அடியிலுள்ள ரப்பர் பற்களை வைத்து முடிவு செய்கிறோம். பல் தேயும் முன்பே உயிர் போவது நடுவில் இருக்கும் மிட்சோலுக்கு.

பெரும்பாலான லேசான ஷூக்களில் மிட்சோல் என்பது இ.வி.ஏ. என்ற நுரைப் பொருள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வாயுக் குமிழ்கள் நிறைந்திருக்கும். மிதிக்கும்போது குமிழ் நசுங்கி, காலை எடுத்ததும் மீண்டு எழும். லட்சக்கணக்கான முறை நசுங்கியபின் குமிழ்ச் சுவர்கள் மடிந்து, கிழிந்து, அப்படியே படிந்துவிடுகின்றன. இது மெதுவாக நடப்பதால் கால் அதற்குப் பழகிக்கொண்டே போகும். ஒருநாள் வலிதான் வந்து சொல்லும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஷூ இரண்டையும் சமதளமான மேஜைமேல் வைத்து, பின்பக்கமிருந்து, கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். குதிகால் பகுதி உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருந்தால் நுரை ஒருபக்கமாக அமுங்கிவிட்டது என்று பொருள். அடுத்து, சோலின் பக்கவாட்டைப் பாருங்கள். எடை ஏற்றாமல் சும்மா இருக்கும்போதே குறுக்கே சுருக்கங்கள் தெரிந்தால் அந்த நுரை இனி எழாது. கடைசியாக இன்சோலை, அதாவது உள்ளே பாதம் படியும் மெல்லிய மெத்தையை, எடுத்துவிட்டு, குதிகால் பதியும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு அதிகம் மிதிபடாத நடுவளைவில் அழுத்துங்கள். குதிகால் பக்கம் விரல் சட்டென்று கட்டாந்தரையில் முட்டுவது போல் நின்றால், மாற்றும் காலம் வந்துவிட்டது.

புது இன்சோல் போட்டால் சரியாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. ஓரிரு வாரம் தள்ளலாம். சாய்ந்துபோன மிட்சோலை இன்சோல் நிமிர்த்தாது. பல் மிச்சமிருக்கும் ஷூவைத் தூக்கிப்போட மனசு வராது, எனக்கும் வராது. அப்படிப்பட்ட ஜோடியைத் தோட்ட வேலைக்கும் பக்கத்து நடைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், நெடும்பயணத்துக்கு வேண்டாம். புது ஷூ மாற்றி இரண்டு வாரத்துக்குப் பிறகும் வலி குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

என் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். புது ஷூ வந்ததும் நாக்குப் பகுதியின் உள்பக்கத்தில், போட ஆரம்பித்த தேதியை மார்க்கரால் எழுதிவிடுவேன். ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் அதன் கீழே ஒரு கோடு. ஐந்தாவது கோடு விழுந்ததும் மேஜைச் சோதனையை ஆரம்பித்துவிடுவேன். நினைவை நம்பினால் எப்போதும் குறைவாகத்தான் கணக்கு வரும்.

கேள்வி: நான் வாங்கும் எல்லா ட்ரெயில் ஷூவும் ஒரே இடத்தில்தான் கிழிகிறது. சுண்டுவிரல் பக்கம், விரல் மடங்கும் இடத்தில். நான் நடப்பதில் கோளாறா, ஷூவில் கோளாறா?
- மற்றொரு வாசகர்

பதில்: இரண்டுமே இல்லை. பல ட்ரெயில் ஷூக்கள் முதலில் விடுவது அங்கேதான். ஒவ்வொரு காலடியிலும் மேலே இருக்கும் மெஷ் என்ற வலைத்துணி அதே கோட்டில் மடிகிறது. பாதத்தின் அகலமான பகுதியும் அங்கேதான் வெளிப்பக்கம் நெட்டித் தள்ளுகிறது. இதோடு புழுதி சேரும். நுண்மணல் நூல்களுக்கிடையே புகுந்துவிட்டால், துணி மடியும் ஒவ்வொரு முறையும் அது அரம் போல நூலை உள்ளிருந்தே அறுக்கும். கிழிசல் வெளியே தெரியும்போது உள்ளே பாதி நூல் ஏற்கெனவே போயிருக்கும்.

தடுக்க முடியும். புது ஷூவிலேயே, முதல் நடைக்கு முன்பே, அந்த மடிப்புக் கோட்டிலும் பக்கத்துத் தையல்களிலும் நெகிழ்வான பாலியூரித்தேன் பசையை மெல்லிசாகத் தடவுங்கள். கூடாரத் தையல் ஒழுகாமல் அடைக்கப் பயன்படுத்துவார்களே, அந்த வகை. கெட்டியாகிவிடும் பசைகள் ஆகாது, மடியும்போது விரிசல் விட்டு அந்த விளிம்பே துணியை அறுக்கும். தடவும்போது ஷூவுக்குள் கையை விட்டு, அந்த இடம் கொஞ்சம் மடிந்த நிலையில் இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு முழு நாள் காயட்டும். மூக்குப் பகுதி ரப்பர் சோலோடு சேரும் விளிம்பிலும் ஒரு சுற்று பூசிவிடுங்கள், கல்லில் இடித்து முதலில் வாய் பிளப்பது அங்கேதான்.

வழியில் கிழிந்துவிட்டால் ஊசியும் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலும் போதும். அது சாதாரணத் தையல் நூலைவிட வலுவானது. கிழிசலின் விளிம்பைப் பிடித்துத் தைக்காதீர்கள், அரை சென்டிமீட்டர் தள்ளி நல்ல துணியில் குத்துங்கள், மேலே பசை பூசுங்கள்.

தினசரிப் பராமரிப்பு என்றால் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். சாயங்காலம் நின்றதும் இன்சோலை வெளியே எடுங்கள், ஷூவைக் கவிழ்த்து மணலைத் தட்டுங்கள், தண்ணீர் இருந்தால் மெஷ்ஷை அலசுங்கள். நிழலில், காற்றில் காய வையுங்கள். நெருப்பருகே மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். மேலே துணி சேதமில்லாமல் இருக்கும், அடியில் பசை இளகி சோல் வாய் பிளந்துவிடும், நுரையும் சுருங்கிவிடும்.

அப்புறம், அடுத்த முறை வாங்கும்போது ஷூவைத் திருப்பி அடியைப் பாருங்கள். எடையைக் குறைப்பதற்காகச் சிலவற்றில் ரப்பரைத் துண்டு துண்டாக ஒட்டி, இடையில் நுரையை வெறுமனே விட்டிருப்பார்கள். கல்பாதையில் அந்த நுரை சில்லு சில்லாகப் பெயர்ந்து, ஒட்டிய ரப்பரையும் இழுத்துக்கொண்டு வரும். உங்கள் பாதை கல் என்றால் அடி முழுக்க ரப்பர் மூடியதையே எடுங்கள், 30 கிராம் கூடினால் கூடட்டும்.

கேள்வி: தண்ணீர் புகாத சவ்வு வைத்த ட்ரெயில் ஷூ அதிக நாள் உழைக்குமா?
- ஒரு கல்லூரி மாணவி

பதில்: உழைக்காதும்மா. மிட்சோல் அதேதான், அதே தூரத்தில்தான் அமுங்கும். சவ்வும் மெஷ் மடியும் அதே இடத்தில் பொத்தலாகிவிடும். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் உள்ளே போன நீர் வெளியேற வழியில்லை, காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். சாதாரண மெஷ் நடக்க நடக்கவே காய்ந்துவிடும். குளிரில், ஈரப்புல்லில், ஓரிரு நாள் நடைக்கு மட்டும் சவ்வு நல்லது.

கேள்வி: சகோதரி, எட்டு வருடம் முன்பு வாங்கிய இரண்டு ஜோடி பெட்டியோடு அப்படியே இருக்கின்றன. ஒன்று லேசான ட்ரெயில் ஷூ, இன்னொன்று பூட்ஸ். போட்டதே இல்லை. நம்பி நெடுநடைக்கு எடுத்துப் போகலாமா?
- ஓய்வுபெற்ற வாசகர்

பதில்: ஐயா, போடாத ஷூவும் முதுமையடையும். பல பூட்ஸ்களின் மிட்சோல் பாலியூரித்தேன் என்ற வேறு வகை நுரை. நடந்து நடந்து அமுங்குவதை அது இ.வி.ஏ.வைவிட அதிகம் தாங்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்பை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியில் பளபளவென்று இருக்கும் பூட்ஸ், நடக்க ஆரம்பித்த சில மணி நேரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்து சோல் தனியாக வந்துவிடலாம். எட்டு வருடம் என்பது அதற்குப் போதுமான காலம்தான். பூட்ஸைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள்.

ட்ரெயில் ஷூவில் இ.வி.ஏ. இருந்தால் அப்படி உதிராது, கொஞ்சம் இறுகியிருக்கும். அங்கே பயம் பசைக்குத்தான். விரல் பகுதியை மேல்நோக்கி நன்றாக மடக்கி, சோலும் துணியும் சேரும் விளிம்பைச் சுற்றிலும் நகத்தால் நெருடிப் பாருங்கள். எங்கும் பிரியவில்லை என்றால் வீட்டருகே ஒரு வாரம் தினமும் சுமையோடு நடந்து பாருங்கள். அதிலும் தாங்கினால் எடுத்துப் போகலாம். ஆனால் புது ஜோடிக்கு உரிய 500 கிலோமீட்டரை இதனிடம் எதிர்பார்க்காமல், 300-லேயே மாற்று ஜோடி கைக்கு எட்டும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.