கோப் கம்பெனியில் வண்டி ஓட்டிய தாத்தாக்கள்: கேள்வி பதில்

விக்டோரியா மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றின் வரலாற்றுச் சங்கத்தில் சனிக்கிழமைதோறும் பழைய காகிதம் புரட்டுகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ‘எங்கள் தாத்தா கோப் அண்ட் கோ-வில் வண்டி ஓட்டினார்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். தங்க வேட்டைக் காலத்து ஆஸ்திரேலியாவின் பெரிய குதிரைக் கோச் கம்பெனி அது. அதைப் பற்றி நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் சில.

கேள்வி: என் கணவர் ஆஸ்திரேலியர். அவருடைய எள்ளுத்தாத்தா 1870களில் கோப் அண்ட் கோ டிரைவர் என்று மாமியார் சொல்கிறார். கம்பெனியின் ஆள் பட்டியல் எங்கே கிடைக்கும் அண்ணா?

பட்டியலை அப்புறம் பார்க்கலாம் தங்கச்சி. எந்தக் கோப் என்று முதலில் பிடியுங்கள். 1853-ல் ஃப்ரீமன் கோப்பும் இன்னும் மூன்று அமெரிக்கர்களும் மெல்பனில் தொடங்கினார்கள். முதல் வண்டி 1854 ஜனவரி 30 அன்று தங்க வயல்களுக்குக் கிளம்பியது. 1856-லேயே கோப் ஊரைவிட்டுப் போய்விட்டார். பெயர் மட்டும் கை மாறிக்கொண்டே இருந்தது. ஜேம்ஸ் ரதர்ஃபோர்டு 1862-ல் நியூ சவுத் வேல்ஸில் பாதர்ஸ்ட்டுக்கு வண்டிகளைக் கொண்டுபோனார். விக்டோரியாவில் ராபர்ட்சன், வாக்னர் கூட்டு அதே பெயரில் ஓட்டியது. நியூசிலாந்தில்கூட அந்தப் பெயர் ஓடியது. ஆக, ‘கோப் கம்பெனியில் வேலை’ என்றால் ‘கோச் வண்டியில் வேலை’ என்ற அளவுக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் ஆளை விட்டுவிட்டுப் பாதையைப் பிடியுங்கள். கோச் கம்பெனிக்குச் சோறு போட்டது தபால் ஒப்பந்தம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, வாரம் எத்தனை நடை, வருடத்துக்கு எவ்வளவு பவுண்டு, ஒப்பந்தக்காரர் யார் என்பதெல்லாம் அரசிதழில் அச்சாகியிருக்கும். குடும்பம் இருந்த ஊர் தெரிந்தால் அந்தப் பாதையின் முதலாளி பெயர் கிடைத்துவிடும். பிறகு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் அந்த ஊர்ப் பத்திரிகையைத் திறந்து, விளம்பரங்களையும் விபத்துச் செய்திகளையும் பாருங்கள். வண்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த நாளில் டிரைவர் பெயரை யார் எழுதப் போகிறார்கள்? கவிழ்ந்த அன்று எழுதுவார்கள்.

கேள்வி: தேடினேன். அதே பெயரில் மூன்று பேர் வருகிறார்கள். எப்படிப் பிரிப்பது?

நானும் இதில் சறுக்கியவன்தான். ஒரு குடும்பத்துக்காக இரண்டு வருடம் தப்பான ஆளைத் துரத்தினேன். ஒரு கோச் கவிழ்ந்து பயணி இறந்த வழக்கில் டிரைவர் கொடுத்த வாக்குமூலம், மரண விசாரணைக் கோப்பில் இருந்தது. ஒரு குதிரை மிரண்டது, ஏர்க்கால் முறிந்தது என்று எழுத்தர் அழகாக எழுதியிருந்தார். கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ‘இன்னாரின் அடையாளம்’ என்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அந்தக் குடும்பத்துப் பைபிளில் தாத்தாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அதனால் இறப்புச் சான்றிதழைக் காசு கொடுத்தாவது வாங்குங்கள். விக்டோரியாவில் 1853 ஜூலை முதல் அரசுப் பதிவு உண்டு. அந்தக் காலத்து இறப்புப் பதிவில் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த ஊர், குடியேறி எத்தனை வருடம், பிள்ளைகளின் பெயர், வயது எல்லாம் இருக்கும். பிள்ளைகளின் வரிசையை ஒத்துப் பார்த்தால் மூன்று பேர் ஒருவராகிவிடுவார். ஆனால் சொன்னவர் துக்கத்தில் இருக்கும் மகனோ மருமகனோதான். பாட்டனின் பெயரை அவர் தப்பாகச் சொல்லியிருக்கலாம்.

தொழில் என்ற இடத்தில் ‘க்ரூம்’ என்று இருந்தால் ஏமாற வேண்டாம். பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு முறை குதிரை மாற்றும் நிலையத்தில் அடுத்த குதிரைகளைப் பூட்டித் தயாராக வைத்திருந்தவர் அவர். பேரன்கள் வாயில் அவர் டிரைவராகிவிடுவார். எனக்கு என்னவோ க்ரூம்களைத்தான் பிடிக்கும்.

கேள்வி: பெண்டிகோ கோச் பற்றி 1860களில் தேடினால் மிகக் குறைவாகத்தான் வருகிறதே சார்?

‘சாண்ட்ஹர்ஸ்ட்’ என்று தேடுங்கள். 1891 வரை பெண்டிகோ என்ற அந்தத் தங்க வயல் ஊரின் அதிகாரப் பெயர் அதுதான். இன்னொன்று, 1862-ல் மெல்பனிலிருந்து அங்கே ரயில் வந்துவிட்டது. அதன்பின் கோச், தண்டவாளம் முடியும் இடத்திலிருந்து கிளம்பியது. உங்கள் ஆளும் அதன் பின்னாலேயே நகர்ந்திருப்பார்.

கேள்வி: காசில்மெயின் பக்கம் பழைய கல் வீடு வாங்கினோம். குதிரை மாற்றிய இடம் என்கிறார்கள். உண்மையா?

பல நிலையங்கள் மதுக்கடையோடு சேர்ந்த விடுதிகள். எனவே மதுக்கடை உரிமப் பட்டியலையும் நகராட்சி வரிப் பதிவேட்டையும் பாருங்கள். வரிப் பதிவேட்டில் ‘வீடு, லாயம்’ என்று இருந்தால் நல்ல அறிகுறி. விளம்பரப் பலகை மாட்டுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்தப் பக்கம் கல் வீடு வைத்திருக்கும் எல்லோருமே இதைத்தான் சொல்கிறார்கள்.

கேள்வி: நான் ஊட்டி. ரயிலுக்கு முன் மேட்டுப்பாளையத்திலிருந்து ஓடிய டோங்கா வண்டியில் பாட்டனார் குதிரைக்காரர். இதே வழி இங்கே சரிப்படுமா?

பாதி சரிப்படும். குன்னூருக்கு ரயில் வந்தது 1899, ஊட்டிக்கு 1908. அதற்கு முந்தைய ஆண்டுகளின் அசைலம் பிரஸ் அல்மனாக் என்ற சென்னை மாகாண டைரக்டரியைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் வெள்ளைக்காரர் பெயர்கள்தான். வண்டி முதலாளி கிடைக்கலாம், உங்கள் பாட்டனார் கிடைப்பது கஷ்டம். தபால் ஒப்பந்தக் கோப்புகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

பாட்டனாருக்கு வேறு கதவைத் தட்டுங்கள். வீட்டில் பழைய கிரையப் பத்திரம் இருக்கிறதா? ‘இன்ன ஊர், இன்னார் மகன், இன்ன ஜீவனம்’ என்று அதில் எழுதியிருப்பார்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பாவின் தொழில் இருக்கும். பத்திரம் கிடைத்தால் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், எழுத்து புரியாவிட்டால் சேர்ந்து படிப்போம்.