வேகம் குறையவில்லை, ஆனாலும் சிக்குகிறது: வீட்டு வைஃபை கேள்வி-பதில்

கேள்வி (அம்மாபேட்டை, சேலம்): மாடி வீடு, 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. எப்போது சோதித்தாலும் 90-க்கு மேல் காட்டுகிறது. ஆனால் இரவு ஏழு மணிக்கு மேல் ஆபீஸ் மீட்டிங்கில் முகம் உறைந்து நின்று, பத்து விநாடி கழித்துப் பேச்சு வேகமாக ஓடிவந்து சேர்கிறது. '200 பிளானுக்கு மாறுங்கள்' என்கிறார் லைன் கொடுத்தவர். 'பக்கத்துத் தறி ஓடுவதுதான் காரணம்' என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சையும் ஓரமாக வையுங்கள். ஸ்பீடு டெஸ்ட் பார்ப்பது, சில விநாடிகளில் மொத்தம் எவ்வளவு டேட்டா வந்தது என்பதை. நடுவில் அரை விநாடி எதுவுமே வராமல் போயிருந்தாலும் மொத்தக் கணக்கில் அது கரைந்துவிடும். வீடியோ மீட்டிங்குக்கு நான்கு எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். அதற்கு வேண்டியது, வருவது நேரத்துக்கு வருவது. அதனால் முதலில் தாமதம் எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள்: போனுக்கும் ரௌட்டருக்கும் நடுவிலா, ரௌட்டரைத் தாண்டி வெளியிலா? இது தெரியாமல் பிளான் மாற்றுவதும் புது ரௌட்டர் வாங்குவதும் வீண் செலவு.

விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் இரண்டு திறங்கள். ஒன்றில் பிங் கட்டளையை (சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்டு ஆகிறது என்று அளப்பது) ரௌட்டர் முகவரிக்குக் கொடுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் தெரியும். இன்னொன்றில் 8.8.8.8-க்கு, அதாவது வெளியே இருக்கும் கூகுள் சர்வருக்கு, கொடுங்கள். இரண்டிலும் கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சிறுகோட்டுடன் ஆங்கில 'டி' எழுத்தைச் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கமாகச் சிக்கும் நேரத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, கன்ட்ரோல்-சி அழுத்துங்கள். குறைந்தது, அதிகம், சராசரி மூன்றும் கீழே வரும். சராசரியை நம்பாதீர்கள், அதிகத்தையும், நடுநடுவே விழுந்த 'டைம்டு அவுட்' வரிகளையும் எண்ணுங்கள்.

இந்தச் சோதனையைப் போனில் செய்ய வேண்டாம். பேட்டரி மிச்சமாகட்டும் என்று போனின் வைஃபை அடிக்கடி கண் அசரும். 'நான் இருக்கிறேன்' என்று ரௌட்டர் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அனுப்பும் பீக்கனுக்குத்தான் விழித்துப் பார்க்கும். எனவே ஒரு கோளாறும் இல்லாத வீட்டிலேயே போனில் 100, 150 என்று காட்டும்.

இனி கிடைத்ததைப் படிப்போம். நல்ல வைஃபையில் ரௌட்டருக்கான பிங் பெரும்பாலும் பத்து மில்லிசெகண்டுக்குள் நிற்கும். அதுவே 200, 500 என்று குதித்தால் கோளாறு வீட்டுக்குள். ரௌட்டர் 3, 4 என்று அசையாமல் நிற்க, 8.8.8.8 மட்டும் குதித்தால் லைனில் நெரிசல். இரண்டும் ஒரே நேரத்தில் செத்து ஒன்றிரண்டு நிமிடம் கழித்து உயிர் பெற்றால், ரௌட்டரே அணைந்து எழுகிறது.

இரவு ஏழு மணிக்கு மேல் என்று நீங்கள் சொல்வதால், நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இரண்டாவதை. அதிலும் லைன்காரரை அல்ல, உங்கள் வீட்டு அப்லோடை. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பியதும் நான்கு போன்களும் வைஃபையில் ஒட்டிக்கொண்டு அன்றைக்கு எடுத்த போட்டோ, வீடியோவை கூகுள் போட்டோஸுக்கு ஏற்ற ஆரம்பிக்கும். வாசல் கேமரா கிளவுடில் பதிவு செய்வதாக இருந்தால் அதுவும் சேரும். மேலே போகும் வழி நிறைந்ததும், மிச்சத்தை ரௌட்டர் வரிசையில் நிறுத்தி வைக்கிறது. உங்கள் குரலும் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். சரிபார்ப்பது எளிது: மீட்டிங் நேரத்தில் மற்ற எல்லாப் போனிலும் வைஃபையை அணையுங்கள். பிங் உடனே அடங்கினால் குற்றவாளி உள்ளேதான்.

மருந்து: பேக்கப்பை மீட்டிங் நேரத்தில் நிறுத்தி வையுங்கள், கேமராவின் ரெசல்யூஷனைக் குறையுங்கள். ரௌட்டரில் கியூஓஎஸ் (எந்த டேட்டா முதலில் போக வேண்டும் என்று பிரிக்கும் வசதி) இருந்தால் அப்லோடு அளவை, நீங்கள் அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாக எழுதி வையுங்கள். வரிசை அப்போது லைன்காரரின் பெட்டியில் கட்டாமல் உங்கள் ரௌட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும். வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்கியூஎம் வசதி உள்ள ரௌட்டர் இதை இன்னும் நன்றாகச் செய்யும். 200 பிளான் எடுத்தாலும் கொஞ்சம் தணியும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் போட்டோ ஏற்றம் அந்த அகலத்தையும் நிரப்பிக்கொள்ளும்.

மற்ற எல்லாவற்றையும் அணைத்து, லேப்டாப்பை லேன் கேபிளில் நேராகச் செருகியும் 8.8.8.8 குதித்தால் அது லைன்காரர் பொறுப்பு. டெக்னீஷியன் வந்தால் ஃபைபரில் வரும் ஒளியின் பலத்தைப் பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். சாதாரண ஜிபான் (வீட்டு ஃபைபர் இணைப்பில் பரவலான வகை) பெட்டி மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை வாங்கும். மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி பலம் குறைவு. மைனஸ் 26-ஐ ஒட்டி இருந்தால் விளிம்பில் ஓடுகிறது என்று அர்த்தம். பல நேரம் காரணம் அருகிலேயே இருக்கும்: டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ரப்பர் பேண்டு போட்டு மடக்கிய ஃபைபர் வயர், அல்லது தூசி படிந்த பச்சைக் கனெக்டர். அதை விரலால் துடைக்காதீர்கள். விரல் எண்ணெய் தூசியைவிட மோசம்.

முதல் வகை, அதாவது வைஃபையே சிக்குவது என்றால், 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5-க்கு வாருங்கள். அம்மாபேட்டை போல ஒரே சுவரில் இரு வீடு நிற்கிற தெருவில், 2.4-ல் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40 வைத்தால் உங்களுக்கும் தொல்லை, அண்டை வீட்டுக்கும் தொல்லை. 5-ல் 36 முதல் 48 வரையோ 149 முதல் 161 வரையோ நிரந்தரமாகத் தேர்ந்தெடுங்கள். நடுவில் உள்ள 52 முதல் 144 வரையிலான சேனல்களில், ரேடார் அலை என்று ரௌட்டருக்குச் சந்தேகம் வந்தாலே சேனலைக் காலி செய்து ஓடும். புதிய சேனலில் அமர ஒரு நிமிடம்கூட எடுக்கலாம். 'எல்லாப் போனிலும் ஒரே நொடியில் போய், ஒரே நொடியில் வருகிறது' என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். ஒரே ஒரு லேப்டாப் மட்டும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் போலச் சிக்கினால் ரௌட்டரைத் திட்டாதீர்கள். அந்த லேப்டாப் பின்னணியில் வேறு வைஃபை தேடுகிறது. டிரைவரைப் புதுப்பியுங்கள்.

ரௌட்டரில் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அதன் இரைச்சல் 2.4-ல் விழும். இரும்பு பீரோவின் தலையில் ரௌட்டரை வைத்திருந்தால், அதைப் பற்றி நாங்கள் வேறு சொல்ல வேண்டுமா?

தறி விஷயம்: மோட்டார் வைஃபை அலையைக் கெடுப்பதாகச் சொல்வதில் பெரிய சாரம் இல்லை. ஆனால் தறிகள் சேர்ந்து கிளம்பும்போது மின்சாரம் கண் சிமிட்டலாம், அந்தச் சிமிட்டலில் பழைய அடாப்டர் கொண்ட ரௌட்டர் அணைந்து எழலாம். ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'அப்டைம்' பாருங்கள். நீங்கள் ஒரு வாரமாகத் தொடாத ரௌட்டர் இரண்டு மணி நேரம் என்று காட்டினால் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அடாப்டர் மாற்றும்போது வோல்ட் அதே இருக்க வேண்டும்; ஆம்பியர் அதே அல்லது கூடுதலாக இருக்கலாம். 12 வோல்ட் 1.5 ஆம்பியர் இடத்தில் 12 வோல்ட் 2 ஆம்பியர் போடலாம், 1 ஆம்பியர் போட்டால் இதே நோய் திரும்பும்.

கேள்வி (ஏற்காடு): காபித் தோட்டத்துக்குள் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். மெயின் வீடு பழைய கல் சுவர், 60 மீட்டர் தள்ளி தகரக் கூரை போட்ட காட்டேஜ். அங்கே ஒரு ரிப்பீட்டர் வைத்திருக்கிறோம். டவர் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் விருந்தினர் திட்டுகிறார்கள். மூடுபனி இறங்கினால் இன்னும் மோசம். மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபை தருவது) வாங்கலாமா?

பதில்: ரிப்பீட்டரில் தெரியும் டவர், உங்கள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் உள்ள பலம் மட்டுமே. ரிப்பீட்டருக்கே மெயின் வீட்டிலிருந்து கிழிந்த சிக்னல்தான் வருகிறது. ஒரே ரேடியோவில் வாங்கி, அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும், தாமதம் கூடும். கல் சுவரையும் தகரத்தையும் வயர் இல்லாத மெஷ்ஷும் அதே காற்றில்தான் தாண்ட வேண்டும். அதிக விலைக்கு அதே கதை.

பனியைப் பழிக்காதீர்கள். 2.4-லும் 5-லும் மூடுபனி தடுப்பது ஒன்றுமே இல்லை எனலாம். நனைந்த இலைதான் தடுக்கும். நடுவில் சில்வர் ஓக்கும் அதில் ஏறிய மிளகும் இருந்தால் நன்றாகவே தடுக்கும். இன்னொன்று, பனி இறங்கினால் விருந்தினர் லேடீஸ் சீட் காட்சி முனைக்குப் போகாமல் அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள்.

வயர் இழுத்துவிடுங்கள். 60 மீட்டர் என்பதால் லேன் கேபிளே போதும். 100 மீட்டர் வரை தாங்கும். ஆனால் மலையில் இடி நாட்களில் இரு கட்டடத்துக்கு நடுவே தொங்கும் செம்புக் கம்பி, இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் சேர்த்துக் கொல்லும். ஆகவே ஃபைபர் இழுக்கச் சொல்கிறோம். வேண்டியவை: ஒரு கோர் டிராப் ஃபைபர் (75 மீட்டர் வாங்குங்கள், வளைவுக்கும் மிச்சத்துக்கும் ஆகும்), உள்ளே இரும்புக் கம்பி இல்லாமல் எஃப்ஆர்பி (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) கம்பி உள்ளது, சிங்கிள் மோடு மீடியா கன்வர்ட்டர் (லேன் சிக்னலை ஒளியாகவும் ஒளியை லேனாகவும் மாற்றும் பெட்டி) ஒரு ஜோடி, காட்டேஜில் ஆக்சஸ் பாயின்ட்டாக (வைஃபை மட்டும் தருவதாக) போட ஒரு சாதாரண ரௌட்டர். கன்வர்ட்டர் வாங்கும்போது 'ஏ' ஒன்று, 'பி' ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-ல் வாங்கும், மற்றது தலைகீழ். இரண்டு 'ஏ' வாங்கி வந்தால் பவர் விளக்கு எரியும், நெட் வராது. முனை போட உங்கள் கேபிள்காரரிடமே ஃபைபரை ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷின் இருக்கும்.

காட்டேஜ் ரௌட்டரில் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, ஃபைபரிலிருந்து வரும் வயரை அதன் லேன் துளையில் செருகுங்கள், இன்டர்நெட்டுக்கான 'வான்' (WAN) துளையில் அல்ல. (மெயின் ரௌட்டர் 192.168.0.1 என்றால் இங்கே 192.168.0.2.) வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மெயின் வீட்டுடையதே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்.

கேள்வி (சூரமங்கலம்): புது ரௌட்டர் வாங்கப் போகிறேன். பெட்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முன்பக்க எண்ணை அல்ல, பின்பக்கத் துளைகளை. ஏசி1200 என்றால் 5-ல் வரும் 867 எம்பிபிஎஸ்ஸையும் 2.4-ல் வரும் 300-ஐயும் கூட்டிப் போட்டது, ஏஎக்ஸ்1500 என்றால் 1201-ஐயும் 300-ஐயும். எந்தப் போனும் இரண்டையும் கூட்டி வாங்காது. பின்பக்கத் துளைகள் '10/100' என்றிருந்தால் 300 பிளான் எடுத்தாலும் 95-க்கு மேல் வராது. குறைந்த விலை ஏசி1200 மாடல்களில் இது சகஜம். 'கிகாபிட்' அல்லது '10/100/1000' என்று இருப்பதை வாங்குங்கள்.

லேன் கேபிளில் ஏமாறுவது இதைவிட அதிகம். ஒரு கோரின் தோலைச் சீவி, கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். நான்கு முறை மடக்கினால் உடையும். வெள்ளிப் பட்டறை ஊரில் முலாம் பற்றி இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி (கொண்டலாம்பட்டி): மினி யுபிஎஸ் வாங்கினேன், கரண்ட் போனால் வைஃபை இருக்கிறது, நெட் இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்குமே யுபிஎஸ் வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கொடுத்திருப்பீர்கள். வீட்டுக்குள் ஃபைபரே வராமல், யாரோ ஒருவர் மொட்டை மாடி ஸ்விட்சிலிருந்து லேன் வயராக வருகிறது என்றால், கரண்ட் போனதும் அந்த ஸ்விட்ச்சும் அணையும். உங்கள் யுபிஎஸ் ஒன்றும் செய்ய முடியாது. ஃபைபர் நேராக வரும் வீடுகளில் கம்பத்தில் உள்ள, ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை.

கேள்வி (ஆத்தூர்): மூன்று மாதமாகப் புகார் செய்கிறேன். 'சரியாகிவிட்டது' என்று மெசேஜ் மட்டும் வருகிறது. ஆண்டுச் சந்தா முழுதும் கட்டிவிட்டேன்.

பதில்: டெக்னீஷியன் எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்வது புகார் ஆகாது. கம்பெனியின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். கேபிளில் எடுத்த பிங் பக்கத்தை, நேரம் தெரியும்படி, மூன்று இரவுக்குப் படம் பிடித்து வையுங்கள். வைஃபையில் எடுத்ததைக் காட்டினால் 'உங்கள் வீட்டுக் கோளாறு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தீராவிட்டால், ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகாருக்கு அங்கே வழி இல்லை என்று யாராவது சொன்னால், 2022-லேயே உச்ச நீதிமன்றம் வழி உண்டு என்று தீர்த்துவிட்டது. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம்; குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். ஆண்டுச் சந்தா ரசீது, டாக்கெட் எண்கள், 'சரியாகிவிட்டது' என்று வந்த மெசேஜ்கள் ஒன்றையும் அழிக்காதீர்கள். சரியாகாத நாளில் வந்த 'சரியாகிவிட்டது' உங்கள் கையில் இருக்கும் நல்ல சாட்சி.