கொழுந்தனுக்கு மூன்றாவது கையெழுத்து

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எங்கள் ஊர் சின்ன பேரூராட்சி. ஊருக்கு வெளியே ஏழு கிலோமீட்டர் தள்ளி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் அடுக்குமாடி வீடுகள் கட்டுகிறது. என் பெயரில் ஒரு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் பங்குத்தொகை 2,10,000 ரூபாய். கணவர் கொத்தனார், நான் தையல் வேலை செய்கிறேன்; சேர்ந்து மாதம் 22,000 வரும். வாடகை 4,500. மூன்று குழுக்கடன் ஓடுகிறது. அதில் இரண்டு, கொழுந்தனின் கடைக்காக நான் வாங்கிக் கொடுத்தவை. நான்கு மாதமாக அவர் பணம் தரவில்லை. இப்போது, "வீட்டை வாங்கி 2,50,000-க்கு ஒத்திக்கு விடுங்கள் அண்ணி, அந்தப் பணத்தைக் கடையில் போட்டு எல்லாக் கடனையும் நானே அடைக்கிறேன்" என்கிறார். மாமியாரும் அதையே சொல்கிறார். பங்குத்தொகைக்கு நான்காவது குழுக்கடன் வாங்கலாமா? கையில் 60,000 சேமிப்பும் ஐந்து பவுன் நகையும் இருக்கின்றன.

பதில்: வீடு கிடைத்ததற்கு வாழ்த்து. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது என்ற விதிகளுக்கெல்லாம் உட்பட்டுத்தான் ஒதுக்கீடு வாங்கியிருக்கிறீர்கள். அவற்றை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் வீட்டைப் பற்றி நான்கு வரி, கொழுந்தனைப் பற்றி இரண்டு பக்கம். பிரச்சினை எங்கே என்று அதிலேயே தெரிகிறது. அவருக்குத் தேவை வரும்போதெல்லாம் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

கடன் ஒவ்வொன்றும் 50,000, வட்டி 24 சதவீதம், இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். தவணை ஏறக்குறைய 2,640 வரும். அவருடைய இரண்டுக்கும் மாதம் 5,280. இரண்டு வருடத்தில் 1,27,000 ரூபாய்! வீட்டுக்குக் கேட்கும் தொகையில் பாதிக்கும் மேல் அவர் கடைக்குப் போகிறது. அவர் தராவிட்டாலும் நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் குழுவில் இருக்கும் மற்ற பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் மிச்சமுள்ள 14 தவணையும் உங்கள் தலையில்தான் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். அவர் கொடுத்தால் நல்லது, கீழே நான் சொல்லப்போகும் நகைக்கடனில் கட்டிவிடலாம்.

நான்காவது குழுக்கடன் கேட்டால் கிடைத்துவிடலாம், அதுதான் ஆபத்து. குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் பாதி 11,000. நான்கு கடனுக்கும் சேர்த்து 10,560 வருகிறது. விதிக்குள் அடங்குகிறது என்று சந்தோஷமாகக் கொடுத்துவிடலாம். வாடகையும் போனால் நான்கு பேர் சாப்பிட 7,000 ரூபாய்கூட மிஞ்சாது.

அப்புறம் இந்த ஒத்தி. ஒத்திப்பணத்தை யாருமே கடனாக நினைப்பதில்லை, வந்த பணமாகவே பார்க்கிறார்கள். வீட்டைத் திரும்ப வாங்க அதே 2,50,000-ஐ முழுசாக எண்ணி வைக்க வேண்டும். கடை நொடித்தால் யார் வைப்பது? அதுவரை 4,500 வாடகையும் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு, பயனாளி குடியிருக்கத்தான் அரசு வீடு கொடுக்கிறது. மத்திய அரசு மட்டுமே இப்படி ஒரு வீட்டுக்கு 1,50,000 போடுகிறது, மாநிலத்தின் பங்கு தனி. வேறு ஆள் குடியிருப்பது தெரிந்தால் ஒதுக்கீடே ரத்தாகலாம். கிரயப்பத்திரம் கைக்கு வராத வீட்டுக்கு ஒத்தியைப் பதிவு செய்வதும் கஷ்டம். வெறும் பத்திரத்தாளில் எழுதி நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். இது மூன்றாவது கையெழுத்து.

சரி, பணத்துக்கு என்ன வழி? சேமிப்பில் 10,000-ஐ அவசரத்துக்கு வைத்துக்கொண்டு 50,000-ஐ எடுங்கள். மீதி 1,60,000-க்கு நகையை வங்கியில் வையுங்கள். அடகுக்கடை வேண்டாம். ஒன்பதரை சதவீதம் என்று வைத்தால் வட்டி மாதம் 1,300-க்குள். அதற்கு முன், பங்குத்தொகையைத் தவணையாகக் கட்டலாமா, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு உண்டா என்று வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தவணை உண்டென்றால் நகை முழுவதையும் ஒரே நாளில் வைக்க வேண்டியதில்லை.

நான்கு மாதத்தில் சாவி தருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அரசுக் கட்டடம், நான் எட்டு மாதம் என்றே வைத்துக்கொள்கிறேன். அதற்குள் உங்கள் சொந்தக் குழுக்கடன் முடிந்து 2,640 மிஞ்சும். குடிபோனதும் வாடகை 4,500-ம் மிச்சம். பராமரிப்புக்கு 500, பஸ்ஸுக்கு 1,000 கழித்தால் கையில் 5,600 சொச்சம். அதை அப்படியே நகைக்கடனில் கட்டினால் மூன்று வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். வருடா வருடம் கடனைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். பஸ் செலவை ஏன் சேர்த்தேன் என்றால், நிலம் கிடைக்கும் இடத்தில்தான் வாரியம் கட்டுகிறது, உங்கள் வேலை இருக்கும் இடத்தில் அல்ல. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

60,000-ஐ செயலியில் டிஜிட்டல் தங்கமாகப் போட்டால் பெருகும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி போய்விடும். அது தன் கண்காணிப்பில் வராது என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்திருக்கிறது. நிஜத் தங்கத்தை அடகு வைக்கப் போகிற நேரத்தில் செயலித் தங்கம் எதற்கு?

மாமியாரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒதுக்கீட்டு ஆணையை எடுத்து அதிலுள்ள நிபந்தனைகளைப் படித்துக் காட்டுங்கள். "ஒத்திக்கு விட்டால் வீடே போய்விடும் அத்தை" என்பது அவருக்குப் புரியும். கொழுந்தனிடம், மாதம் 5-ஆம் தேதிக்குள் 5,280-ஐ உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள். தொடர்ந்து ஆறு மாதம் வந்தால் அப்புறம் பேசலாம்.

பங்குத்தொகையை வாரியம் சொல்லும் வங்கிக் கணக்கில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். கீழ்த்தள வீடு வாங்கித் தருகிறேன் என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.