நோகாத கட்டிக்குப் பத்துப் போடலாமா?

கேள்வி: எனக்கு 42 வயது. இடது மார்பில், அக்குள் பக்கமாக, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. நோவே இல்லை. "நோகாத கட்டி ஒண்டும் செய்யாது, ஊசி குத்தினாத்தான் பரவும்" என்கிறா மாமி. இரண்டு மாதமாகப் பத்துப் போடுகிறேன்.
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: பத்தை இன்றோடு நிறுத்துங்கள், சகோதரி. மார்புப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. நோகும்வரை காத்திருந்தால் காலம்தான் போகும். மார்பில் வரும் கட்டிகளில் அதிகமானவை புற்றுநோய் அல்ல, உண்மை. ஆனால் எது எதுவென்று கையால் தடவி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தக் கிழமையே ஆதார வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் காட்டி, சத்திரசிகிச்சைக் கிளினிக்குக் கடிதம் வாங்குங்கள். அங்கே மூன்று சோதனை: வைத்தியர் கையால் பார்ப்பார், மெமோகிராம் (மார்பை எடுக்கும் எக்ஸ்ரே படம்), ஸ்கேன் எடுப்பார்கள், சந்தேகமென்றால் ஊசியால் சிறு துண்டு சதை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். இடம் விறைக்க மருந்து போட்டுத்தான் எடுப்பார்கள். ஊசி குத்துவதால் நோய் பரவாது. அந்தத் துண்டு இல்லாமல் இன்ன நோய், இன்ன மருந்து என்று முடிவெடுக்கவே முடியாது. மெமோகிராமுக்குப் போகும் நாளில் அக்குளுக்குப் பவுடர் வேண்டாம். படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து குழப்பும்.

கேள்வி: உம்மாவுக்கு 48 வயதில் மார்புப் புற்றுநோய். எனக்கு 33. நானும் இப்போதே மெமோகிராம் எடுக்கவா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: தாய்க்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே தொடங்குவது வழக்கம், உங்களுக்கு 38. இளவயதில் மார்புச் சதை அடர்த்தியாக இருப்பதால் மெமோகிராமில் கட்டி மறைந்துவிடலாம். பெரியம்மா, சாச்சி, சகோதரி யாருக்காவது வந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், கணக்கு மாறும்.

அதுவரை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பைக் காட்டுங்கள், இலவசம். வீட்டில் மாதவிடாய் தொடங்கி ஒரு கிழமை கழித்து, நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால், காறை எலும்பிலிருந்து மார்புக்குக் கீழ்வரை, அக்குளையும் சேர்த்துத் தடவுங்கள். நுனிவிரலால் கிள்ளிப் பார்த்தால் நல்ல சதையும் கட்டி போலவே தெரியும். தோல் தோடம்பழத் தோல் போலாவது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, ஒரு பக்கக் காம்பில் மட்டும் இரத்தம் கசிவது: இதில் ஒன்று கண்டாலும் அடுத்த மாதம் பார்ப்போம் என்றிருக்காதீர்கள்.