வாழ்க்கை வரலாறு எழுத விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதுவதும் மொழிபெயர்ப்பதும்தான் தன் வேலை என்று முடிவு செய்துவிட்டாள். பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்குப் போகச் சொன்னால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

புத்தகங்கள் மட்டும் போடாது. இதை உங்கள் மகளிடமும் மறைக்க வேண்டாம். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 400 ரூபாய் விலையுள்ள ஒரு மொழிபெயர்ப்பு நூல், 500 பிரதிகள் விற்பதாக வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பாளருக்கு 5 விழுக்காடு உரிமைத்தொகை என்றால் மொத்தம் 10,000 ரூபாய். 500 பிரதி விற்க இரண்டு ஆண்டுகள் கூட ஆகலாம். அந்த நூலை மொழிபெயர்க்க ஓர் ஆண்டு உழைத்திருப்பாள். வாழ்க்கை வரலாற்று நூல் என்றால் தகவல் திரட்டவே பல ஆண்டுகள் ஓடும். பயணச் செலவும் நகல் எடுக்கும் செலவும் அவள் கையிலிருந்துதான் போகும்.

ஆகவே உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்திலிருந்து நீங்கள் எட்டியிருக்கும் முடிவு, அதாவது இந்த ஆசையையே அவள் விட்டுவிட வேண்டும் என்பது, தவறு என்று நினைக்கிறேன். இந்தத் துறையில் சாதித்தவர்களில் பெரும்பாலோர் ஒரு சம்பளத்தின் நிழலில் இருந்துகொண்டுதான் சாதித்திருக்கிறார்கள். எந்தச் சம்பளம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதனின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் செய்ய நினைக்கும் இரண்டு வேலைகளையும் செய்தவர் அவர். 1923இல் திருநெல்வேலியில் பிறந்தார். இளமையிலேயே சென்னைக்கு வந்து பத்திரிகைகளில் வேலை பார்த்தார். சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தனோடு நெருங்கிப் பழகினார். புதுமைப்பித்தன் 1948இல், 42 வயதில், காசநோயால், குடும்பத்துக்கு எதுவும் சேர்த்து வைக்காமல் இறந்துபோனார். மூன்றே ஆண்டுகளில், 1951இல், ரகுநாதன் எழுதிய 'புதுமைப்பித்தன் வரலாறு' வெளிவந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. பழகியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, கடிதங்கள் கரையான் பிடிப்பதற்குள் எழுதப்பட்டதால்தான் அந்த நூல் இன்றும் புதுமைப்பித்தனைப் பற்றி எழுத வருகிறவர்கள் முதலில் புரட்டும் நூலாக இருக்கிறது.

அந்த நூலை வைத்து அவர் வாழ்ந்துவிடவில்லை. 1954 இறுதியில் 'சாந்தி' என்று சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. பிறகு சோவியத் தூதரகம் நடத்திய 'சோவியத் நாடு' இதழின் சென்னை அலுவலகத்தில் சேர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேலை பார்த்தார். அந்த வேலையின் அன்றாடமே மொழியும் மொழிபெயர்ப்பும்தான். ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழில் தந்தவரும் இவரே. அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே பாரதியைப் பற்றி ஆராய்ந்தார். 'பாரதி: காலமும் கருத்தும்' நூலுக்கு 1983இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. புதுமைப்பித்தனையும் அவர் விடவில்லை. தம் 75 வயதுக்குப் பிறகு, 1999இல், புதுமைப்பித்தன் கதைகள் மீது வைக்கப்பட்ட விமர்சனங்களுக்குப் பதிலாக ஒரு தனி நூலே எழுதினார். ஒரு மனிதரோடு அரை நூற்றாண்டு! வாழ்க்கை வரலாற்றாசிரியர் என்பவர் அப்படித்தான் இருப்பார். இந்தப் பிடிவாதம் உங்கள் மகளிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீங்கள் தடுத்தாலும் அது போகாது.

இன்னொரு வழியும் உண்டு. ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' ஆகிய நாவல்களைத் தமிழில் தந்த எம்.ஏ. சுசீலா, மதுரை பாத்திமா கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அந்தப் பெரிய மொழிபெயர்ப்புகள் பணி ஓய்வுக்குப் பின் வந்தவை. ஆக, ஆசிரியர் வேலையும் இந்த ஆசையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. ஆனால் பள்ளி ஆசிரியராகத்தான் ஆக வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பி.எட். அவளுக்கு ஒரு வாசல். ஒரே வாசல் அல்ல.

என்ன படிக்கலாம்? எம்.ஏ.வுக்கு ஆங்கிலமோ தமிழோ, ஒப்பிலக்கியமோ எடுக்கட்டும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் தேறினால் கல்லூரி வேலைக்கும் ஆய்வுக்கும் வழி திறக்கும். மூன்றாவதாக ஒரு மொழியை இப்போதே தொடங்குவது நல்லது. தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வங்கத்திலிருந்தோ ஜெர்மனிலிருந்தோ நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவரக் கூடியவர்கள் மிகக் குறைவு. அயல்மொழியில் பட்டம் பெற டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும், ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லை என்றால் சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனும் அலியான்ஸ் பிரான்சேஸும் வகுப்பு நடத்துகின்றன.

வேலைக்கு என்ன? பதிப்பகங்களில் பிரதி செம்மையாக்கம், நாளிதழ்களில் உதவி ஆசிரியர், ஆவணக் காப்பகப் பணி, தலைமைச் செயலகத்திலும் உயர் நீதிமன்றத்திலும் அவ்வப்போது அறிவிக்கப்படும் மொழிபெயர்ப்புப் பணியிடங்கள். பகல் முழுக்க மொழியைக் கையில் வைத்திருக்கும் வேலையாக இருக்க வேண்டும். மாலையில் சொந்த வேலைக்கு இரண்டு மணி நேரமாவது மிஞ்ச வேண்டும். இந்த இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

கணினியே மொழிபெயர்த்துவிடுகிறதே என்றும் கேட்டிருக்கிறீர்கள். விளம்பரம், விளக்கக் கையேடு போன்றவற்றில் மனிதருக்கான வேலை குறைந்துவருவது உண்மைதான். அவற்றை நம்பி அவள் இறங்க வேண்டாம். ஆனால் யாரும் இதுவரை படிக்காத ஒரு பழைய கடிதக் கட்டை அவிழ்த்துப் பார்க்க, யாராவது நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று அவளுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். வரும் விடுமுறையில் ஒரு வாரம் சென்னையில் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ, எழும்பூரில் கன்னிமாரா நூலகத்திலோ உட்காரட்டும். பழைய கடிதம் ஒன்றில் 'பிரபவ வருஷம் ஆனி' என்று மட்டும் தேதி இருக்கும். பிரபவ ஆண்டு அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1867ஆ, 1927ஆ என்று எப்படி முடிவு செய்வது? கடிதத்தில் வரும் ஓர் ஊர்ப் பெயர், இறந்துபோனதாகச் சொல்லப்படும் ஓர் உறவினர், தபால் முத்திரையின் அரைகுறை எழுத்து, இவற்றை வைத்து உறுதி செய்ய வேண்டும். அதற்கே ஒரு முழுநாள் போகும். அன்று மாலை அலுத்துப்போய் வெளியே வருகிறாளா, மறுநாள் காலை நூலகம் திறப்பதற்கு முன்பே போய் நிற்கிறாளா என்பதைக் கவனியுங்கள். எந்தத் திறனறித் தேர்வையும் விட இது உங்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடும்.

மொழிபெயர்ப்பையும் இப்போதே தொடங்கலாம். உயிருடன் இருக்கும் எழுத்தாளரின் கதை என்றால் எழுத்து வடிவில் அனுமதி வாங்க வேண்டும். இறந்தவராக இருந்தாலும், இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை வாரிசுகளுக்கு உண்டு. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய, அதாவது யாரும் வெளியிடலாம் என்று பொதுவாக்கிய, எழுத்தாளர்களின் படைப்புகளுக்கு இந்தத் தடை இல்லை. புதுமைப்பித்தன் கதை ஒன்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து பார்க்கட்டும். கொஞ்சம் தேர்ந்த பிறகு சாகித்திய அகாதெமியின் 'இந்திய இலக்கியச் சிற்பிகள்' வரிசையைப் படிக்கச் சொல்லுங்கள். ஓர் எழுத்தாளரின் வாழ்வையும் படைப்பையும் சிறு நூலுக்குள் அடக்குவது எப்படி என்று அதில் கற்கலாம். பிற மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்த நூல்களும் அந்த வரிசையில் உள்ளன.

இனி ஒன்றுதான். அவளுக்கு முதல் வாய்ப்பு வரும்போது மகிழ்ச்சியில் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடுவாள். ஒப்பந்தத்தை நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையில் வருமா? ஒரே தொகையாகக் கொடுத்து உரிமையை முழுக்க எழுதி வாங்குகிறார்களா, பதிப்புக்குப் பதிப்பு பணம் வருமா? மின்னூல், ஒலிநூல் உரிமை யாரிடம்? ஒப்பந்தமே இல்லை, வாய்வார்த்தைதான் என்றால் கைப்பிரதியைக் கொடுக்க வேண்டாம். அடுத்த முறை எனக்கு எழுதும்போது, அவள் மொழிபெயர்த்த கதையையும் மூலத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு எம்.ஏ. எங்கே சேர்க்கலாம் என்று சொல்கிறேன்.